வெல்டிங் வெளிச்சம் அடித்த கண்: ராத்திரி வலிக்கு எதை விடலாம், எதை விடக் கூடாது?

கேள்வி | 12 ஆகஸ்ட் 2023, இரவு 11.52

பொள்ளாச்சி பக்கம் சின்ன கிரில் பட்டறை வைத்திருக்கிறேன். இன்றைக்கு கேட் வேலை. ஆங்கிள் பிடித்துக் கொடுத்த பையனுக்குச் சாயங்காலம் வரை ஒன்றுமில்லை. பத்து மணிக்கு மேல் இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிகிறது என்கிறான். திறக்க முடியவில்லை, தண்ணீராகக் கொட்டுகிறது. பக்கத்து வீட்டில் தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள். மெடிக்கலில் கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்து இருக்கிறது, விட்டால் உடனே வலி நிற்கும் என்கிறார் இன்னொரு வெல்டர். வாங்கலாமா?

பதில் | 13 ஆகஸ்ட் 2023, நள்ளிரவு 12.14

வாங்காதீர்கள். தாய்ப்பாலும் வேண்டாம். கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள்.

பையனை இருட்டான அறையில் படுக்க வையுங்கள். கசக்க விடாதீர்கள், முக்கியம். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து மூடிய இமை மேல் போடுங்கள். வேறு உடம்புக் கோளாறு இல்லையென்றால் பாராசிட்டமால் ஒன்று கொடுக்கலாம். விடிந்ததும் கண் டாக்டரிடம் போங்கள். இந்த ராத்திரி பையனுக்கு மோசமாகத்தான் இருக்கும். பக்கத்தில் யாராவது இருங்கள்.

13 ஆகஸ்ட் 2023, காலை 6.30

ராத்திரி அவசரத்தில் எழுதினேன். காரணம் சொல்லாமல் "வேண்டாம், வேண்டாம்" என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது சொல்கிறேன்.

கோவையில் இருபத்திரண்டு வருடமாக இதே தொழில். கேட், கிரில், ஷெட், மாடிப்படிக் கைப்பிடி. எனக்கே ஏழெட்டுத் தடவை அடித்திருக்கிறது. முதல் தடவை பதினேழு வயதில். நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து, கண் போய்விட்டது என்று நினைத்து அழுதேன். அம்மா நந்தியாவட்டைப் பூவைப் பறித்து வந்து இமை மேல் வைத்தார். குளிர்ச்சியாக இருந்தது. மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. பூவால்தான் சரியானது என்று வெகு காலம் நம்பினேன். பூ வைக்காமல் இருந்திருந்தாலும் மூன்றாம் நாள் சரியாகியிருக்கும்.

வெல்டிங் ஆர்க்கில், அதாவது ராடு நுனியில் எரியும் மின்பொறியில், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தோடு தெரியாத வெளிச்சமும் வருகிறது. அதுதான் புற ஊதா ஒளி. ஏ, பி, சி என்று மூன்று வகை. வெயிலில் இருக்கும் சி வகை, மேலே ஓசோன் படலத்திலேயே தடுக்கப்பட்டுவிடும். தரைக்கு வராது. அதையே நாம் ராடு நுனியில், கைக்கெட்டும் தூரத்தில் உண்டாக்குகிறோம். பி-யையும் சி-யையும் கருவிழியின் மேலுள்ள மெல்லிய தோல் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய அந்தச் செல்கள் உடனே சாவதில்லை. சில மணி நேரம் கழித்துத்தான் செத்து உதிர்கின்றன. உதிர்ந்த இடத்தில் நரம்பு நுனிகள் வெறுமையாக நிற்கும். உடம்பிலேயே நரம்பு மிக நெருக்கமாக உள்ள இடங்களில் கருவிழியும் ஒன்று. இமை ஒரு தடவை மூடித் திறந்தாலே ரம்பம் போட்ட மாதிரி இருக்கும். பகலில் வாங்கியது ராத்திரியில் வலிப்பது இதனால்தான். பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் ஆகும். நிறைய வாங்கியிருந்தால் முன்னாடியே வரும்.

ஓரத்திலிருந்து நல்ல செல்கள் நகர்ந்து வந்து மூடிக்கொள்ளும். ஒன்றிலிருந்து மூன்று நாள். அதுவரை அந்தக் கண் தோல் உரிந்த புண். அந்தப் புண்ணில் எதை ஊற்றுகிறோம் என்பதுதான் கேள்வியே.

13 ஆகஸ்ட் 2023, காலை 7.05

ஒன்று விட்டுப்போனது. இரண்டு கண்ணும் சமமாக எரிந்தால் பெரும்பாலும் வெளிச்சம் அடித்தது. ஒரு கண் மட்டும் உறுத்தினால் கிரைண்டிங் பொறியோ இரும்புத் தூளோ ஒட்டியிருக்கலாம். அது தானாகச் சரியாகாது, எடுக்க வேண்டும். பட்டறையில் ஊசி முனையாலும் துணி நுனியாலும் எடுக்கிற ஆட்கள் உண்டு. அவர்களிடம் காட்டாதீர்கள்.

13 ஆகஸ்ட் 2023, இரவு 9.40

பையனை டாக்டரிடம் காட்டியாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள், நிம்மதி. கண்ணில் மஞ்சளாக ஒரு மருந்து வைத்து, நீல விளக்கு அடித்துப் பார்த்தார், பச்சைப் பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது என்கிறீர்கள். தோல் உதிர்ந்த இடத்தில் மட்டும் அந்தச் சாயம் பிடிக்கும். அதுதான் பச்சையாக மின்னியது. புள்ளி சின்னதாக, நிறைய, இரண்டு கண்ணிலும் இருந்தால் இது வெளிச்சம் அடித்த கண்ணேதான்.

"அங்கே ஒரு சொட்டு விட்டார், வலி அப்படியே நின்றுவிட்டது, அதையே வாங்கிக் கொடுத்திருந்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பயந்த கேள்வி இதுதான். பதில் பெரிது. நாளை எழுதுகிறேன்.

14 ஆகஸ்ட் 2023, இரவு 10.15

பத்து வருடம் இருக்கும். என்னிடம் ஒரு பையன் இருந்தான், பதினெட்டு வயது, அன்னூர் பக்கம். நல்ல கை. பார்த்த மாத்திரத்தில் மூலைமட்டம் சொல்லுவான். ஒரு கல்யாண மண்டப கேட்டுக்கு நாள் முழுக்க டாக் போட்டோம், துண்டுகளைப் பிடித்து நிறுத்த அங்கங்கே வைக்கிற சின்னப் பொட்டு வெல்டிங். அவன் பிடித்தான், நான் வைத்தேன். ஹெல்மெட் எனக்கு மட்டும்தான். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அன்றைக்கு எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். நானும் அப்படியே விட்டேன்.

ராத்திரி அவனுக்குக் கண் எரிச்சல். மறுநாள் காலை பணம் கேட்டான், கொடுத்தேன். மருந்துக் கடையில் ஒரு குப்பி கொடுத்திருக்கிறார்கள், கண்ணை மரக்க வைக்கும் சொட்டு. சீட்டு கேட்கவில்லை. விட்டான், வலி நின்றது. இருபது நிமிடத்தில் மறுபடி வலி, மறுபடி சொட்டு. ஊருக்குப் போய்விட்டான். வலி இல்லாததால் வீட்டில் சும்மா இருக்கவில்லை, மக்காச்சோளம் அடிக்கிற வேலையில் இறங்கிவிட்டான். தூசியில் நின்று, கையாலேயே கண்ணைத் துடைத்திருக்கிறான். ஐந்தாம் நாள் அவன் அக்கா போன் பண்ணினார். "அண்ணா, கண்ணு நடுவுல வெள்ளையா என்னமோ இருக்குதுங்க."

போய்ப் பார்த்தேன். இடது கண்ணில் கருவிழி நடுவே, சோற்றுப் பருக்கையில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளை. சுற்றி ரத்தச் சிவப்பு. அவனுக்கு அப்போதும் பெரிதாக வலி இல்லை, சொட்டுதான் இருக்கிறதே. அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பூஞ்சைப் புண் என்றார்கள். இரண்டு மாதம் மருந்து, மணிக்கு ஒரு தடவை. புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். வெல்டிங் வேலை அதோடு போனது. இப்போது ஊரில் மாடு வைத்திருக்கிறான்.

டாக்டர் அன்றைக்குச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. வெளிச்சத்தால் வந்த காயம் இரண்டு நாளில் ஆறியிருக்கும், கண்ணைக் கெடுத்தது அந்தக் குப்பி என்றார். மரக்க வைக்கும் சொட்டு, ஓரத்திலிருந்து புதுத் தோல் நகர்ந்து வருவதையே தடுத்துவிடும். திரும்பத் திரும்ப விட்டால் புண் மூடாது. உணர்ச்சி இல்லாததால் இமை கொட்டுவது குறையும், தூசி விழுந்தால் தெரியாது. டாக்டர் ஒரு சொட்டு விடுவது பரிசோதனைக்கு. கண்ணைத் திறந்தால்தானே பார்க்க முடியும். வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதற்கான மருந்து இல்லை அது.

அந்தப் பணத்தைக் கொடுத்தது நான். அதனால்தான் நள்ளிரவில் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் படுக்க முடியவில்லை.

15 ஆகஸ்ட் 2023, காலை 11.20

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "வெல்டிங் அடித்த எல்லாருக்கும் பூஞ்சையா வருகிறது? பயமுறுத்தாதீர்கள்" என்கிறார். எல்லாருக்கும் வராது. ஆனால் நம் ஊர் கண்ணை வெளிநாட்டுக் கண்ணோடு சேர்த்து எண்ணக் கூடாது. மதுரை மாவட்டத்தில் 1990களில் எடுத்த கணக்கில், ஒரு லட்சம் பேருக்கு வருடத்துக்கு 113 பேர் கருவிழிப் புண்ணோடு வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பார்த்ததைவிடப் பல மடங்கு. தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணில் பெரும் பங்கு பூஞ்சையால் வருவது. நெல்லுத் தாள், கரும்புத் தோகை, சோளத் தூசி எல்லாவற்றிலும் அது உட்கார்ந்திருக்கிறது. தோல் மூடியிருக்கிற வரை உள்ளே போகாது. உரிந்தால் போகும்.

தாய்ப்பாலும் அதே கணக்குத்தான். குழந்தைக்கு அமிர்தம், சரி. புண்ணான கண்ணில் விட்டால் கிருமிக்கும் சாப்பாடு. விளக்கெண்ணெய், பூச்சாறு, தேன் எதுவும் வேண்டாம். இமை மேலே வெள்ளரிக்காய் வைப்பேன் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன், கண்ணை மூடிக்கொண்டு வையுங்கள். உள்ளே சாறு போகக் கூடாது.

இன்னொரு குப்பியும் உண்டு: சிவப்பு போக விடுகிற ஸ்டீராய்டு கலந்த சொட்டு. பட்டறைகளில் ஒருவர் வாங்கி நாலு பேர் விடுவார்கள். சிவப்பு போகும், பூஞ்சை உள்ளே இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். டாக்டர் பார்க்காமல் அதையும் தொடாதீர்கள்.

19 ஆகஸ்ட் 2023, இரவு 8.50

பையன் வேலைக்கு வந்துவிட்டான் என்ற செய்திக்கு நன்றி. ஆறு நாள் லீவு கொடுத்து, சம்பளமும் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய மனசு.

இனி வராமல் இருப்பதற்கு. ராடு வைக்கிறவர் ஹெல்மெட் போடுகிறார், அவருக்கு அடிப்பது குறைவு. அடி வாங்குவது பிடித்துக் கொடுக்கிறவர், பக்கத்தில் பெயின்ட் அடிக்கிறவர், எதிரில் நின்று வேடிக்கை பார்க்கிறவர். அதிலும் டாக் போடும்போதுதான் அதிகம். "அரை விநாடிதானே" என்று கண்ணை மூடிக்கொள்கிறோம். மூடுவதற்குள் கொஞ்சம் உள்ளே போய்விடும். அந்தக் கொஞ்சங்கள் கணக்கில் சேரும். காலையில் வாங்கியதை மத்தியானம் வாங்கியதோடு கண் கூட்டிக்கொள்ளும். ஒரு மீட்டர் தூரத்தில் வெறும் கண்ணுக்கு, ஒரு நாளைக்குத் தாங்கும் அளவு சில விநாடிகளிலேயே முடிந்துவிடலாம். நூறு டாக் போட்டால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரம் உதவும். இரண்டு மடங்கு தள்ளி நின்றால் கால் பங்குதான் வந்து சேரும். ஆனால் ஆங்கிள் பிடிக்கிறவன் எங்கே தள்ளி நிற்பான்? அதனால் அவனுக்கும் ஒரு ஹெல்மெட். முடியாவிட்டால் கறுப்புக் கண்ணாடி.

20 ஆகஸ்ட் 2023, காலை 7.10

நேற்றைய கடைசி வரியைத் திருத்துகிறேன். கறுப்புக் கண்ணாடி என்று பொதுவாக எழுதியது தப்பு. ரோட்டோரத்தில் விற்கும் கூலிங் கிளாஸை வாங்கிவிடப் போகிறீர்கள். அது கறுப்பாக இருக்கும், புற ஊதாவைத் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இருட்டாக இருப்பதால் கண்ணின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம், கண்பாப்பா, விரியும், உள்ளே இன்னும் நிறையப் போகும்.

நிறத்துக்கும் புற ஊதாவுக்கும் சம்பந்தமில்லை. பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த வெள்ளைப் பாதுகாப்புக் கண்ணாடி, துளி நிறம் இல்லாமல், புற ஊதாவைக் கிட்டத்தட்ட முழுக்கத் தடுத்துவிடும். பக்கவாட்டில் மறைப்பு இருக்க வேண்டும், வெளிச்சம் ஓரத்திலிருந்தும் வரும். தூரத்தில் நிற்கிறவருக்கு இது போதும். பக்கத்தில் நின்று பிடிக்கிறவருக்குப் போதாது, அவருக்குக் கண் கூசும் வெளிச்சத்தையும் குறைக்க வேண்டும். அவர் முகத்துக்கும் ஷீல்டு வேண்டும். தாடைத் தோல் உரிவதும் இதே ஒளியால்தான்.

2 செப்டம்பர் 2023, இரவு 10.05

ஆர்க் பிடித்ததும் கண்ணாடி தானாகக் கறுக்கிற ஹெல்மெட்டைப் பற்றி நாலு பேர் கேட்டிருந்தீர்கள். "கறுப்பதற்கு நேரம் எடுக்கும், அந்த இடைவெளியில் புற ஊதா உள்ளே போகும்" என்று நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன், பட்டறையில் வந்தவர்களிடமெல்லாம். அது தவறு. கருவி விற்கிறவர் ஒருவர் அட்டைப் பெட்டியைத் திறந்து, அதற்குள் இருந்த காகிதத்தைக் காட்டினார். புற ஊதாவைத் தடுக்கும் படலம் எப்போதும் அங்கேயே இருக்கிறது, கறுத்தாலும் கறுக்காவிட்டாலும். பேட்டரி தீர்ந்தாலும் தடுக்கும். மாறுவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மட்டும்தான். நல்ல ஹெல்மெட்டில் அந்த மாற்றம் விநாடியில் 25,000இல் ஒரு பங்கு நேரத்தில் நடந்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் மூன்று வாங்கினேன். டாக் போடுகிறவர்களுக்கு இதைப்போல ஒன்று இல்லை. ஹெல்மெட்டைத் தூக்கித் தூக்கிப் போட வேண்டாம், தலையைச் சட்டென்று ஆட்டி இறக்க வேண்டாம். கைப்பிடி ஷீல்டில் ஒரு கை அதற்கே போய்விடும், அதனால்தான் பலர் அதை ஓரமாகச் சாத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறார்கள். பழைய ஷீல்டு வைத்திருப்பவர்கள் ஒன்று பாருங்கள்: கறுப்புக் கண்ணாடியில் கீறலோ விரிசலோ இருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். முன்னால் போடும் வெள்ளைக் கண்ணாடியில் பொறி பட்டுப் பட்டு மங்கிப்போனால் கிட்டே குனிவீர்கள், அதுவும் ஆபத்து.

அலுமினியம், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வேலை செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். ஆர்கான் வாயுவை விட்டுச் செய்கிற டிக் வெல்டிங் போடும்போது புகை இல்லை, பார்க்கச் சுத்தமாக இருக்கும். புகை இல்லாததால் புற ஊதாவைத் தடுக்க நடுவில் எதுவும் இல்லை. பளபளப்பான தகடு திருப்பியும் அடிக்கும். ஹெல்மெட்டுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் காதோரமாக உள்ளே வந்து, அடி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3 செப்டம்பர் 2023, காலை 6.45

"மூன்று நாளில் சரியாகும்" என்று மேலே எழுதியதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். அது கருவிழிக்கு. ஆர்க்கை நேராக உற்றுப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம், முக்கியமாக நீலம், உள்ளே விழித்திரை வரை போகும். அங்கே சுட்டால் வலிக்கவே வலிக்காது. பார்வை நடுவில் ஒரு மங்கல் பொட்டு மட்டும் நிற்கும், சிலருக்கு அது போகாமலும் இருக்கும். வலி போய்விட்டது, ஆனால் எழுத்தின் நடுவில் மறைக்கிறது என்று யாராவது சொன்னால் தள்ளிப் போடாதீர்கள்.

வெகு கால விஷயமும் உண்டு. வெல்டிங்கில் வரும் புற ஊதாவை, புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017இல் சேர்த்தது. கண்ணுக்குள் வரும் மெலனோமா என்ற ஒரு வகைப் புற்றுநோயை வைத்துச் சொன்னது அது. அரிதான நோய். பயப்படச் சொல்லவில்லை, கண்ணாடி போடச் சொல்கிறேன்.

11 செப்டம்பர் 2023, இரவு 9.30

ராமேஸ்வரத்திலிருந்து ஒருவர்: அப்பா கடலுக்குப் போகிறவர், மூக்குப் பக்கமிருந்து கருவிழி மேல் சதை வளர்கிறது, வெல்டிங் பக்கமே போனதில்லை, இதுவும் புற ஊதாவா?

பெரும்பாலும் ஆமாம், வெயிலில் இருப்பது. ஆர்க் ஒரே நாளில் செய்வதை வெயில் முப்பது வருடத்தில் வேறு விதமாகச் செய்கிறது. அமெரிக்காவில் மேரிலாந்து பக்கம் செசபீக் விரிகுடாவில் மீன், நண்டு பிடிக்கிற 838 பேரைப் பரிசோதித்து 1988இல் எழுதினார்கள். வாழ்நாளில் பி வகை அதிகம் வாங்கியவர்களுக்கு ஒரு வகைக் கண்புரையும் அதிகம். சதை வளர்ச்சியும் இப்படி வெளியில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் நிறைய. அப்பாவுக்கு அகல விளிம்புத் தொப்பியும், புற ஊதா தடுக்கும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். சதை கருவிழி நடுவை நோக்கி நகர்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும்.

14 செப்டம்பர் 2023, இரவு 10.40

வெல்டிங் கண்ணாடியில் கிரகணம் பார்க்கலாமா என்று கேட்டவருக்கு. 2019 டிசம்பர் 26 அன்று கோவையிலேயே வளையச் சூரியன் தெரிந்தது. காலையிலேயே தெருப் பிள்ளைகள் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டார்கள், "அண்ணா, வெல்டிங் கண்ணாடி கொடுங்க." என்னிடம் இருந்தது எல்லாம் 11ஆம் நம்பர். நம்பர் கூடக் கூடக் கண்ணாடி கறுப்பு கூடும். சூரியனுக்கு 12க்குக் குறையக் கூடாது, 14 நல்லது. கொடுக்கவில்லை. ஒரு சின்னப் பெண் முகம் வாடிப் போனாள். அப்புறம் அட்டையில் ஆணியால் துளை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டச் சொல்லி, சுவரில் வளையம் விழுவதைக் காட்டினேன். பொட்டு அளவு வளையம். அத்தனை பிள்ளைகளும் கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

கிரகணத்தில் சுடுவது விழித்திரை. புற ஊதாவைவிட, தெரிகிற வெளிச்சத்தின் வேலை அதிகம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

9 நவம்பர் 2023, இரவு 11.00

பேப்பரில் பார்த்தீர்களா? இந்த மாதத் தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஒரு விழாவுக்குப் போனவர்கள் ராத்திரி கண் எரிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். ஆட்டம் பாட்டத்துக்கு வைத்த விளக்குகளில் புற ஊதா விளக்கு இருந்திருக்கிறது. நம் பையன் பட்ட அதே பாடு, அதே நேரக் கணக்கு.

கொரோனா சமயத்தில் கிருமி கொல்லும் யுவி (புற ஊதா) குழல்விளக்கை வீட்டுக்கு வாங்கியவர்கள் நிறைய. அலைநீளம் 254 நானோமீட்டர், சி வகை. மயாமியில் ஒரு கண் மருத்துவமனையில் 2020இல் அப்படி ஏழு பேர் வந்ததை எழுதியிருக்கிறார்கள். வீட்டில் அந்த விளக்கு மிச்சம் இருந்தால் ஆள் இருக்கும் அறையில் போடாதீர்கள். நீலமாக, இதமாகத் தெரியும். கண்ணைச் சுடுவது அந்த நீலம் இல்லை, கூடவே வரும் தெரியாத ஒளி. பேக்கரியில் ஈ பிடிக்க வைக்கும் நீல விளக்கு வேறு, அது ஏ வகை. அதற்காகக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம்.

26 நவம்பர் 2023, இரவு 8.20

பொள்ளாச்சித் தம்பி படம் அனுப்பியிருந்தார். இரண்டு ஹெல்மெட், சுவரில் ஆணியில் தொங்குகின்றன. ஒன்றில் பையன் பெயரைச் சாக்பீஸால் எழுதியிருக்கிறார்கள். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பட்டறையில் ஒரு குறை பாக்கி இருந்தது. எதிர் வீட்டுக் குழந்தை, மூன்று வயது, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆர்க்கையே பார்க்கும். மத்தாப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. "பாப்பா, உள்ளே போ" என்று கத்துவதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். போன வாரம் எட்டடிக்கு நாலடி தகரம் இரண்டு வாங்கி, அடியில் சக்கரம் வைத்துத் தள்ளுகிற மறைப்பாகச் செய்தேன். தார்ப்பாய் போடலாம் என்றார்கள், பொறி பட்டுப் பற்றிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

தகரம் நிறுத்திய முதல் நாளே, உள்ளே வேலை செய்த பையன் கழுத்துப் பக்கம் சுடுகிறது என்றான். யோசித்துப் பார்த்தால், பளபளக்கிற புதுத் தகரம் வெளிச்சத்தை எங்கள் மேலேயே திருப்பி அடிக்கிறது. இன்றைக்கு உள்பக்கம் முழுக்க மங்கலான பெயின்ட் ஒரு கை அடித்தாயிற்று. காய்ந்ததும் நாளைக்கு இரண்டாவது கை.